நிறமியிலிருந்து அழற்சியடக்கிக்கு: காசிப்பின் ஆய்வு வரலாறும் நெய்வேலி–புதுச்சேரி வட்டாரமும்

ஆய்வுச் சுருக்கம்

தாவரங்களில் உள்ள ஃபிளாவனாய்டுகள் இயற்கையான அழற்சியடக்கிகள் என்னும் கருத்து இன்று ஆய்வேடுகளில் நிலைபெற்றுள்ளது. தொன்றுதொட்டு வந்த மருத்துவ அறிவின் நேர்த் தொடர்ச்சியாகவே அது பெரும்பாலும் எடுத்துரைக்கப்படுகிறது. பருத்திப்பூவிலும் மணித்துத்திப் பூவிலும் உள்ள காசிப்பின் என்னும் ஒரு பொருளின் வரலாற்றைப் பின்தொடரும் இக்கட்டுரை, அப்பொருள் சாய வேதியியலில் அறியப்பட்டு, 1978இல் புதுச்சேரியில் அழற்சி மருந்தியலுக்குள் நுழைந்தது என்பதைக் காட்டுகிறது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியின் வேதியியலோடு ஒப்பிட்டு, ‘இயற்கை’ என்னும் அடைமொழியின் பொருத்தத்தையும் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஃபிளாவனாய்டு, காசிப்பின், அழற்சி, மணித்துத்தி, சேஷாத்திரி, ஜிப்மர், நெய்வேலி, சித்த மருத்துவம்.

முன்னுரை

மூலிகை ஆய்வுகளின் முகப்பில் அண்மைக் காலமாக ஒரு வாய்பாடு இடம்பெற்று வருகிறது. குறிப்பிட்ட செடி சித்த மருத்துவத்தில் வீக்கத்திற்குப் பயன்பட்டது. அச்செடியில் ஃபிளாவனாய்டுகள் உள்ளன. ஆகவே முன்னோர் ஃபிளாவனாய்டுகளின் அழற்சியடக்கும் ஆற்றலை அறிந்திருந்தனர் என்பதே அது. முதல் இரு கூற்றுகளும் உண்மையாக இருக்கும் இடங்களில்கூட மூன்றாவது கூற்று அவற்றிலிருந்து பெறப்படுவதில்லை. ஒரு செடியைப் பயன்படுத்தியமை, அதிலுள்ள ஒரு சேர்மத்தைப் பிரித்தறிந்தமை, அச்சேர்மத்தை ஒரு நோய்நிலைக்கு எதிராகச் சோதித்தமை ஆகிய மூன்றும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு நோக்குடையோரால் நிகழ்த்தப்பட்ட செயல்கள். இவற்றை ஒன்றாக்கும்போது சித்த மருத்துவத்தின் வரலாறும் மறைகிறது; தமிழகத்திலும் அதன் அண்டை நிலங்களிலும் நடந்த வேதியியல் ஆய்வின் வரலாறும் மறைகிறது. இரண்டாவது இழப்பைப் பற்றியே எவரும் பேசுவதில்லை.

நெய்வேலியிலிருந்து ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர் தொலைவிற்குள் உள்ள புதுச்சேரி கோரிமேட்டில் நடந்த ஓர் ஆய்வு இச்சிக்கலை விளக்கப் பொருத்தமான சான்றாகிறது. ஜிப்மர் நிறுவனத்தின் மருந்தியல் துறையைச் சேர்ந்த என். எஸ். பார்மர், எம். என். கோஷ் ஆகியோர் 1978இல் இந்திய மருந்தியல் இதழில் வெளியிட்ட கட்டுரை, மணித்துத்திப் பூவிலிருந்து பிரித்த காசிப்பின் என்னும் ஃபிளாவனாய்டின் அழற்சியடக்கும் செயலைப் பற்றியது. அக்கட்டுரைக்கு முன் அப்பொருளுக்கு எண்பது ஆண்டுக் கால முன்வரலாறு உண்டு. அம்முன்வரலாற்றில் வீக்கமோ காய்ச்சலோ வலியோ இல்லை. நிறம் மட்டுமே உள்ளது.

சாயத் தேடலில் கிடைத்த பொருள்

ஃபிளாவனாய்டு என்னும் பெயரே மஞ்சள் நிறத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் அடியாகப் பிறந்தது. (தமிழ் வாசகர் மனத்தில் உடனே எழும் சமையல் மஞ்சளின் நிறமியான குர்குமின் ஃபிளாவனாய்டு அன்று. பட்டியல்களில் இரண்டும் ஒன்றாகச் சேர்க்கப்படுவது அடிக்கடி நேரும் பிழை.) 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எட்வர்டு பான்கிராஃப்ட் வட அமெரிக்கக் கருவாலி மரப்பட்டையிலிருந்து எடுத்த மஞ்சள் சாயத்தை இங்கிலாந்தில் வணிகப் பொருளாக்கினார். குவெர்செட்டின் என்று இன்று மாத்திரைக் குப்பிகளில் அச்சிடப்படும் பெயர் அந்தச் சாய வணிகத்தின் வழியாக வந்ததே.

சோழமண்டலக் கடற்கரை இக்கதைக்குப் புறம்பானது அன்று. கடலூர், பரங்கிப்பேட்டைத் துறைமுகங்கள் வழியாகச் சென்ற துணிகளின் சிவப்புக்கு ஆதாரமான சாயவேரின் நிறமிகளை, லீட்சு நகரில் பணியாற்றிய ஆர்தர் ஜார்ஜ் பெர்க்கின், ஹம்மலுடன் சேர்ந்து 1893இல் ஆராய்ந்து வெளியிட்டார். 1856இல் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டறிந்த வில்லியம் ஹென்றி பெர்க்கினின் மகன் இவர். தந்தை தொடங்கி வைத்த செயற்கைச் சாயத் தொழில் இயற்கைச் சாயங்களை வீழ்த்திக்கொண்டிருந்த காலத்தில், மகன் அந்த இயற்கைச் சாயங்களை ஒவ்வொன்றாகப் பகுத்து ஆவணப்படுத்திக்கொண்டிருந்தார். சாயவேரின் நிறமி ஃபிளாவனாய்டு வகையைச் சேர்ந்ததன்று. ஆயினும் இந்தியச் சாயச் செடிகளை நோக்கி அவர் பார்வை திரும்பிய சூழலை அந்த ஆய்வு காட்டுகிறது. அச்சூழலில்தான் 1899இல் பருத்திப்பூவின் மஞ்சள் நிறமியை அவர் ஆராய்ந்தார். பருத்தியின் இலத்தீன் பேரினப் பெயரிலிருந்து அதற்குக் காசிப்பெட்டின் என்று பெயர் அமைந்தது. ஆஸ்பிரின் என்னும் வணிகப் பெயர் செருமனியில் பதிவானதும் இதே ஆண்டில்தான். அழற்சிக்கு எதிரான மருந்தின் வரலாறும் பருத்திப்பூ நிறமியின் வரலாறும் அன்று ஒன்றையொன்று அறியாமலே நடந்துகொண்டிருந்தன.

குளித்தலையிலிருந்து வால்டேருக்கு

காசிப்பெட்டினை இந்திய ஆய்வுக்கூடத்திற்குக் கொண்டுவந்தவர் தி. இரா. சேஷாத்திரி. காவிரிக்கரைக் குளித்தலையில் 1900ஆம் ஆண்டு பிறந்த அவர், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, மான்செஸ்டரில் ராபர்ட் ராபின்சனிடம் ஆய்வு செய்தார். ராபின்சனின் ஆசிரியர் இளைய வில்லியம் ஹென்றி பெர்க்கின். அவர் லீட்சு பெர்க்கினின் தமையன். ஆகவே சேஷாத்திரி பெற்ற பயிற்சி நேராகச் சாய வேதியியல் மரபில் வந்தது. 1930களில் வால்டேரில் ஆந்திரப் பல்கலைக்கழக வேதியியல் துறைக்கு அவர் பொறுப்பேற்றபோது கருவிகள் குறைவு, நிதியும் குறைவு. ஆனால் வளாகத்தைச் சுற்றிப் பூக்கள் இருந்தன. பருத்தி, பூவரசு, புளிச்சை முதலிய செம்பருத்திக் குடும்பச் செடிகளின் இதழ்களைப் பெருமளவில் சேகரித்து, உலர்த்தி, சாராயத்தில் ஊறவைத்து நிறமிகளைப் பிரிக்கும் பணிக்கு விலையுயர்ந்த கருவி தேவைப்படவில்லை. பொறுமையும் ஆட்களும் தேவைப்பட்டன. வறிய ஆய்வுக்கூடம் ஒன்று உலகத் தரத்தில் இயங்கத்தக்க ஆய்வுக்களத்தை அவர் தேர்ந்தெடுத்தார் என்பது அவரைப் பற்றிய பாராட்டுரைகளில் போதிய அழுத்தம் பெறாத செய்தி.

நீலகண்டத்துடன் இணைந்து இந்தியப் பருத்திப்பூவிலிருந்து அவர் பிரித்த புதிய பொருளே காசிப்பின். காசிப்பெட்டினோடு ஒரு குளுக்கோசு மூலக்கூறு இணைந்த கிளைக்கோசைடு அது. பெர்க்கின் 1909இல் கண்ட காசிப்பிட்ரினும் இவ்வாறே அமைந்தது. குளுக்கோசு எங்கே இணைந்துள்ளது என்பதில்தான் இரண்டும் வேறுபடுகின்றன. அவ்விடத்தை உறுதிசெய்யப் பத்தாண்டு ஆயிற்று. 1946 தொடங்கி விசுவேசுவர ராவும் சேஷாத்திரியும் வெளியிட்ட கட்டுரைகள், குளுக்கோசு எட்டாம் இடத்தில் இணைந்துள்ளதை நிறுவின. இக்கட்டுரைகள் வெளிவந்த இந்திய அறிவியல் கழக நடவடிக்கைகள் என்னும் இதழ் 1934இல் சி. வி. இராமன் தொடங்கிய கழகத்தினுடையது. உள்நாட்டு இதழ் ஒன்று அப்போது இல்லாதிருந்தால் இத்தொடர் ஆய்வு இவ்வளவு விரைவாக அச்சேறியிருக்காது.

சேஷாத்திரியின் கட்டுரைகள் எழுப்பிய வினா அமைப்பு பற்றியது: எந்த அணு எந்த இடத்தில் உள்ளது, ஏன் இந்த நிறம், இச்செடி இதனை எவ்வழியில் ஆக்குகிறது என்பனவே அவை. 1960இல் அவருக்கு இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் தகுதி கிடைத்ததும் இவ்வகைப் பணிக்காகவே. காசிப்பின் நோய்க்கு உதவுமா என்னும் வினாவை எழுப்பியவர்கள் வேறொரு துறையினர்.

நிறத்திலிருந்து நோய்க்கு

அவ்வினாவின் தொடக்கம் அங்கேரியில் உள்ளது. 1936இல் ருஸ்னியாக்கும் சென்ட்-ஜியோர்ஜியும் எலுமிச்சையிலிருந்து எடுத்த ஃபிளாவனாய்டுக் கலவை நுண்குழாய்களின் கசிவைக் குறைப்பதாகக் கூறி, அதற்கு வைட்டமின் பி (ஊடுருவுதன்மையைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்து) என்று பெயரிட்டனர். அது வைட்டமின் அன்று எனப் பின்னர்த் தெளிவாகி, 1950இல் அமெரிக்கப் பெயரிடல் குழு அப்பெயரைக் கைவிடுமாறு பரிந்துரைத்தது. ஆயினும் நுண்குழாய்க் கசிவு என்னும் கருத்து நிலைத்தது. அழற்சியின் முதற்கட்டமே நுண்குழாய்ச் சுவர் தளர்ந்து நீரும் புரதமும் திசுவுக்குள் வடிவதுதான். சாயமாக அறியப்பட்ட பொருள்கள் வீக்க ஆய்வுக்குள் நுழைந்த வாயில் இதுவே. 1972இல் அங்கேரிய ஆய்வாளர் மிக்லோஷ் காபோர் ஃபிளாவனாய்டுகளின் அழற்சியடக்கும் செயல் பற்றித் தனி நூலே வெளியிட்டார்.

இதற்கிடையே சோதனை முறையும் மாறியிருந்தது. 1962இல் விண்டரும் அவருடைய துணையாளரும் வகுத்த முறையில், கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் கராஜீனன் எலியின் பாதத்தில் செலுத்தப்படுகிறது. சில மணி நேரத்தில் பாதம் வீங்குகிறது. மருந்து கொடுத்த எலியின் வீக்கம் எவ்வளவு குறைந்தது என்பது அளவிடப்படுகிறது. மண்டபம் கடற்கரையில் 2000களில் வணிகப் பயிராகப் பரவிய கப்பாஃபைகஸ் பாசியும் இந்தக் கராஜீனனுக்காகவே வளர்க்கப்படுகிறது. சோதனையில் வீக்கத்தை உண்டாக்குவதும் ஒரு தாவரப் பொருளே என்பது ‘இயற்கையானது தீங்கற்றது’ என்னும் பொதுநம்பிக்கையின் முன் வைக்கத்தக்க செய்தி. 1971இல் ஜான் வேன், ஆஸ்பிரின் புராஸ்டாகிளாண்டின் உருவாவதைத் தடுத்துச் செயல்படுகிறது என்று விளக்கியபின், எந்தப் பொருள் எந்தப் படிநிலையைத் தடுக்கிறது என்னும் தேடல் உலகெங்கும் பரவியது.

ஜிப்மரில் இதற்கான சூழல் ஏற்கெனவே அமைந்திருந்தது. 1823இல் பிரெஞ்சு ஆட்சியில் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த அந்நிறுவனம் 1964இல் இப்பெயர் பெற்றது. அங்கே சங்கர சுப்பிரமணியனும் இராமச்சந்திரன் நாயரும் தென்னிந்தியச் செடிகளின் இலை, பூ ஆகியவற்றிலுள்ள ஃபிளாவனாய்டுகளை ஆண்டுக்கணக்கில் பிரித்தெடுத்து வெளியிட்டு வந்தனர். ஒரே நிறுவனத்தில் ஒருபுறம் நிறமி வேதியியலாரும் மறுபுறம் எலிப்பாதத்தை அளக்கும் மருந்தியலாரும் இருந்தமையே 1978ஆம் ஆண்டுக் கட்டுரையின் பின்புலம். பல்கலைக்கழக வேதியியல் துறையில் மட்டும் இருந்திருந்தால் காசிப்பின் அமைப்பு வாய்பாடாகவே நின்றிருக்கும். மருத்துவக் கல்லூரியில் மட்டும் இருந்திருந்தால் தூய பொருள் கிடைத்திராது.

மணித்துத்தி வேலியோரங்களிலும் தரிசு நிலங்களிலும் தானே முளைக்கும் செடி. வெளிர்மஞ்சள் இதழும் கருஞ்செந்நிற நடுவும் உடைய அதன் பூவின் மஞ்சள் இதழ்களிலிருந்தே காசிப்பின் எடுக்கப்பட்டது. அது வீக்கத்தைக் குறைப்பதாக அக்கட்டுரை அறிவித்தது. அடுத்த ஆண்டே அதே இருவரும் எலிகளில் காலக்டோசால் உண்டாகும் கண்புரையின் மீது காசிப்பினின் விளைவை ஆராய்ந்து வெளியிட்டனர். 1980களில் காசிப்பினின் வலியடக்கும் செயல் பற்றிய ஆய்வும் வந்தது. ஒரு பூவிதழ் நிறமி ஆறாண்டுகளுக்குள் வீக்கம், கண்புரை, வலி என மூன்று களங்களில் சோதிக்கப்பட்டுவிட்டது.

கோரிமேடும் நெய்வேலியும்

‘இயற்கை அழற்சியடக்கி’ என்னும் தொடர் தனக்கு எதிர்நிலையில் ‘செயற்கை’ மருந்தை வைக்கிறது. அந்த எதிர்நிலை எவ்வளவு உறுதியானது என்பதை நெய்வேலியின் வரலாறு சோதித்துப் பார்க்க உதவும்.

1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு வெட்டும்போது தென்பட்ட கரும்பொருளிலிருந்து தொடங்கி, 1956இல் நிறுவனம் பதிவாகி, 1957 மே 20 அன்று நேருவால் சுரங்கப்பணி தொடங்கப்பட்டது வரையிலான செய்திகள் பரவலாக அறியப்பட்டவை. குறைவாக நினைவுகூரப்படுவது 1960களில் அமைந்த கரித்துண்டாக்கும் ஆலை. பழுப்பு நிலக்கரியை அழுத்தி, காற்றின்றிச் சூடாக்கி, ‘லெக்கோ’ என்னும் பெயரில் அடுப்புக்கரியாக அது விற்றது. தமிழகத்து நடுத்தர வீடுகளில் எரிவாயு பரவும்முன் லெக்கோ அடுப்பு இருந்ததை மூத்த தலைமுறை அறியும். அந்த ஆலையின் துணைப்பொருள்களாகக் கார்பாலிக் அமிலம், கிரெசால், சைலினால் முதலிய பீனால்கள் கிடைத்தன.

கார்பாலிக் அமிலம் என்பது பீனாலே. பீனாலிலிருந்து சாலிசிலிக் அமிலத்தை ஆக்கும் கோல்பே முறையின் மேல்தான் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆஸ்பிரின் தொழில் எழுந்தது. நெய்வேலிப் பீனால் அவ்வழியில் சென்றது என்று இங்குக் கூறப்படவில்லை. அதன் வேதியியல் வகை அது என்பதே கருத்து. பழுப்பு நிலக்கரி டெர்ஷியரி காலத்து மரங்களின் எச்சம். அம்மரங்களின் தண்டை உறுதியாக்கிய லிக்னின், அவற்றின் பூவையும் இலையையும் நிறமூட்டிய ஃபிளாவனாய்டு ஆகிய இரண்டும் செடிக்குள் கூமாரிக் அமிலத்தின் வழியாகவே பிறக்கின்றன. அந்தக் கிளைவழியில் ஒன்று மரமாகி, மண்ணுள் புதைந்து, கரியாகி, ஆலையில் பீனாலைத் தந்தது. மற்றொன்று பூவிதழில் தங்கி, புதைந்தால் சிதைந்து, உயிருள்ள செடியில் மட்டுமே எடுக்கத்தக்கதாய் நின்றது. கோரிமேட்டில் பிரித்த காசிப்பினும் நெய்வேலியில் வடித்த கார்பாலிக் அமிலமும் வேதியியல் நோக்கில் உறவினர். ஒன்றை இயற்கை என்றும் மற்றொன்றைச் செயற்கை என்றும் பிரிப்பது பிறப்பைச் சுட்டவில்லை. பதப்படுத்திய முறையையும், அதைவிடக் கூடுதலாக, விற்கும் முறையையும் சுட்டுகிறது.

வீக்கமுருக்கி என்னும் சொல்

சித்த மருத்துவ நூல்களில் மூலிகைகளின் செய்கையைக் கூறுமிடத்து வீக்கமுருக்கி, வீக்கங்கரைச்சி முதலிய சொற்கள் வருகின்றன. இவற்றை ‘அழற்சியடக்கி’ என்று பெயர்த்துவிட்டு மேலே செல்வது இன்றைய வழக்கம். ஆனால் வீக்கமுருக்கி என்பது உடலில் வைத்துக் காணப்படும் ஒரு விளைவின் பெயர். வளி, அழல், ஐயம் என்னும் குற்றங்களின் நிலையோடும் சுவையோடும் வீரியத்தோடும் சேர்த்தே அதற்குப் பொருள் உண்டு. ஒரு தூய சேர்மத்தின் பண்பாக அது சொல்லப்படவில்லை. நொச்சியிலையை வதக்கி ஒற்றடமிடுபவர் இலை முழுவதையும், சூட்டையும், நேரத்தையும் சேர்த்தே பயன்படுத்துகிறார். 2003இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தர்மசிறி குழுவினர் முதிர்ந்த பச்சை நொச்சியிலையின் நீர்ச்சாற்றை எலிகளில் சோதித்து அழற்சியடக்கும் செயலைக் கண்டனர். வழக்காற்றுக்கு நெருங்கிய வடிவிலேயே மருந்தை எடுத்துக்கொண்ட அவ்வாய்வு, மரபைச் சோதித்தது என்று சொல்லத்தக்கது. காசிப்பின் ஆய்வு அத்தகையதன்று. அது பெர்க்கின் வழி வந்த ஒரு நிறமியைச் சோதித்தது. இரண்டும் மதிப்புடையவை, ஒன்றின் பெருமையை மற்றொன்றுக்கு ஏற்றக்கூடாது.

எலிக்கும் மனிதருக்கும் இடையே

காசிப்பின் மருந்துக்கடைக்கு வரவில்லை. ஃபிளாவனாய்டுகள் பலவற்றுக்கும் பொதுவான ஒரு தடையை இங்குக் குறிப்பிட வேண்டும். 1975இல் குக்ளரும் துணையாளரும் தன்னார்வலர்களுக்கு 4 கிராம் குவெர்செட்டினை வாய்வழி கொடுத்தபோது, இரத்தத்தில் அளவிடத்தக்க அளவில் அது தென்படவே இல்லை. ஆய்வுக்குழாயில் நொதியைத் தடுக்கும் பொருள் குடலைத் தாண்டாவிட்டால் பாதத்தின் வீக்கத்தை எவ்வாறு அடையும் என்னும் வினா எழுந்தது. 1995இல் நெதர்லாந்தின் ஹோல்மனும் குழுவினரும் வேறொரு விடையைத் தந்தனர். வெங்காயத்தில் குளுக்கோசோடு இணைந்துள்ள குவெர்செட்டின் ஏறத்தாழ 52 விழுக்காடு உட்கொள்ளப்பட்டது. தூய குவெர்செட்டின் 24 விழுக்காடே. அதாவது, சர்க்கரை எங்கே, எந்த வடிவில் இணைந்துள்ளது என்று வால்டேரில் பத்தாண்டு செலவிட்டுத் தேடிய வினா, அரை நூற்றாண்டுக்குப் பின் மருந்தியலின் நடுவினாவாக மாறியது. உட்கொண்ட பின்னும் கல்லீரலில் அவை உருமாறிவிடுகின்றன என்பதால் இவ்விடையும் முழுமையானதன்று.

மற்றொரு வழி எவ்வாறு அமையும் என்பதற்கு மும்பை சான்று தருகிறது. 1988இல் ஹெக்ஸ்ட் இந்தியா நிறுவன ஆய்வாளர், மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வளரும் டைசாக்சிலம் மரத்திலிருந்து பிரித்த ரோகிட்டுகைன் என்னும் சேர்மத்தை அழற்சியடக்கும் பொருளாக அறிவித்தனர். அதன் அமைப்பை மாற்றி உருவாக்கிய ஃபிளாவோபிரிடால் என்னும் செயற்கை ஃபிளாவோன், உயிரணுப் பிரிவைத் தடுக்கும் புற்றுநோய் மருந்தாக 1990களில் மனிதச் சோதனைக்குச் சென்றது. பெருநிறுவனத்தின் முதலீடும், மூலக்கூற்றை மாற்றத் தயங்காத துணிவும் அங்கே இருந்தன. காசிப்பினை மீண்டும் கையிலெடுத்த 2007ஆம் ஆண்டு ஆய்வும் டெக்சாசில் பரத் அகர்வால் குழுவினரால் புற்றுநோய் நோக்கிலேயே நிகழ்ந்தது. அழற்சியைத் தூண்டும் மரபணுக்களை இயக்கும் ஒரு புரதத்தின் செயலை அது தடுப்பதை அக்குழு காட்டியது.

தமிழகக் கல்லூரிகளில் இன்று ‘அழற்சியடக்கும் ஆற்றல்’ என்னும் தலைப்பில் வரும் ஆய்வுகளில் கணிசமானவை, முட்டை வெண்கருப் புரதம் சூட்டில் திரிவதைச் சாறு தடுக்கிறதா என்னும் எளிய சோதனையோடு நின்றுவிடுகின்றன. விலங்குச் சோதனைக்கான ஒப்புதலும் செலவும் கடினமானவை என்பது உண்மை. எனினும் வெண்கருவின் திரிபு அழற்சி ஆகாது. அம்முடிவைக் கொண்டு சித்த நூலின் வீக்கமுருக்கியை மெய்ப்பித்ததாக எழுதுவது இரு துறைகளுக்கும் அநீதி. அதே ஆய்வேடுகளில் ‘மொத்த ஃபிளாவனாய்டு அளவு’ என்றொரு அட்டவணையும் இருக்கும். சாற்றில் அலுமினியக் குளோரைடைச் சேர்த்து, எழும் மஞ்சள் நிறத்தின் செறிவை 415 நானோமீட்டரில் அளந்து பெறும் எண் அது. அலுமினியம் ஃபிளாவனாய்டைப் பற்றிக்கொண்டு நிறத்தை ஆழமாக்குகிறது. துணியில் மஞ்சள் சாயம் பிடிப்பதற்காகச் சாயக்காரர் படிகாரத்தில் தோய்த்ததும் இதே வினையைக் கொண்டுதான்.